பரிசுப் பொட்டலம்: வீட்டில் கிடப்பதைக் கொண்டு கட்டுவது

என் தாய்மாமா மளிகைக்கடையில் முப்பது வருஷம் பொட்டலம் மடித்தவர். கடை உத்திரத்திலிருந்து ஒரு தகர டப்பா தொங்கும். அதன் அடியில் போட்ட ஓட்டை வழியாக நூல் இறங்கி, அவர் தோள் உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். தராசுத் தட்டிலிருந்து துவரம்பருப்பு தாளில் விழுந்ததும் இடது கை தாளைக் கூம்பாகச் சுருட்டும். வலது கை கூம்பின் வாயை உள்ளே தள்ளி இரண்டு மடிப்பு போடும். நூல் குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று வரும். கடைசியில் நூலை விரலில் வளைத்து, நூலின் மேலேயே போட்டு, வெடுக்கென்று ஓர் இழுப்பு. கத்தரி, பசை, டேப் எதுவும் அந்த மேஜையில் கிடையாது. வீடு வந்து சேர்ந்து, அம்மா நூலை உருவும் வரை ஒரு பருப்பு சிந்தாது. உருவிய நூலைக் கண்டில் சுற்றி வைப்பார் அம்மா. தாளை நீவி அலமாரித் தட்டில் விரிப்பார்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவதெல்லாம் அந்தக் கையைப் பார்த்துக் கற்றதன் நீட்சிதான். தாளை நிறுத்துவது மடிப்பு. மடிப்பை நிறுத்துவது நூல். இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால், பரிசைக் கட்டக் கடைக்குப் போக வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. பீரோவின் அடித்தட்டும் பழைய காலண்டரும் கொல்லைப்புற வாழையும் போதும்.

பூப்போட்ட கிஃப்ட் பேப்பர் என்ற வழக்கத்துக்கே வயது நூற்றுக்குச் சற்று மேல்தான். அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹால்மார்க் நிறுவனத்தைத் தொடங்கிய ஹால் சகோதரர்களின் கடையில், 1917ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நேரத்தில் மெல்லிய டிஷ்யூ தாள் தீர்ந்துபோனது. கைக்குக் கிடைத்தது, கடித உறைகளின் உள்பக்கம் ஒட்டுவதற்காக வைத்திருந்த பிரெஞ்சு அலங்காரத் தாள். தாள் 10 சென்ட் என்று வைத்தார்கள், விற்றுத் தீர்ந்தது. அங்கிருந்துதான் இந்த வியாபாரம் வளர்ந்தது. நாம் இன்று சாதாரணமாக எடுக்கும் ஒட்டு டேப்பும் 1930இல் 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ கொண்டுவந்தது. அதற்கு முன்னால் பெரும்பாலும் நூலாலும் நாடாவாலும்தான் கட்டினார்கள்.

இன்று ஃபேன்சி ஸ்டோரில் தொங்கும் பளபளப்புத் தாள்களில் பலவும் தாளே இல்லை. உலோகப் பூச்சுப் பூசிய பிளாஸ்டிக் படலம் அது. தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. ஒரு துண்டைக் கைக்குள் வைத்துக் கசக்கி, கையைத் திறங்கள். கசங்கியபடியே கிடந்தால் தாள். தானாக விரிந்துகொண்டால் படலம். படலத்தைப் பழைய பேப்பர்காரர் எடுக்கமாட்டார், மண்ணும் எடுக்காது. ஐந்து நிமிடம் மேடையில் மின்னுவதற்காக அதை வாங்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

பிரவுன் ஷீட்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் இது விரிந்து கிடக்கும். நோட்டுக்கு அட்டை போட்டுப் பழகிய கை உங்களுடையது என்றால் பாதி வித்தை ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. நோட்டுக்கு வெட்டியது போக மீந்த தாளைச் சுருட்டி பீரோவுக்கு மேல் வைத்திருப்பீர்கள். அதை எடுங்கள்.

பெட்டியைக் கட்டும்போது நம்மில் பலர் செய்யும் பிழை, தாளைத் தாராளமாக வெட்டுவது. மீதித் தாள் முனைகளில் குவிந்து, பொட்டலம் தலையணை மாதிரி உப்பிவிடும். அளவு இதுதான். பெட்டியைச் சுற்றி ஒரு நூலை ஓட்டி அளந்துகொண்டு, அதோடு இரண்டு விரற்கடை சேர்த்தால் ஒரு பக்கத்து அளவு. மறுபக்கத்துக்குப் பெட்டியின் நீளத்தோடு, இரு முனையிலும் உயரத்தில் முக்கால் பங்கு சேர்க்க வேண்டும். 30 செ.மீ. நீளம், 20 அகலம், 10 உயரம் உள்ள செருப்புப் பெட்டிக்கு 63க்கு 45 செ.மீ. தாள் போதும்.

பெட்டியைத் தாளின் மேல் கவிழ்த்து வையுங்கள். கவிழ்த்து வைத்தால்தான் தாள் சேரும் இடம் அடிப்பக்கம் போகும். வெட்டிய ஓரத்தை அப்படியே விடாமல் ஒரு விரற்கடை உள்ளே மடித்து, நகத்தால் நீவி விடுங்கள். இந்த ஒரு மடிப்புதான் கைவேலை தெரிந்தவர் கட்டியதா, அவசரத்தில் கட்டியதா என்று காட்டிக்கொடுக்கும். முனைகளில் முதலில் இரு பக்கவாட்டையும் உள்ளே அழுத்துங்கள். மேலும் கீழும் இரண்டு தகடுகள் வந்து நிற்கும். மேல் தகட்டை இறக்கி, கீழ்த் தகட்டின் ஓரத்தை மடித்து மேலே ஏற்றுங்கள். ஒவ்வொரு மடிப்பையும் கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை ஓட்டிய பிறகே அடுத்ததுக்குப் போக வேண்டும். பிறகு சணல் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி இறுக்கினால் முனைத் தகடுகள் நூலுக்குள் அடங்கிக்கொள்ளும். டேப் ஒட்டவே வேண்டாம். ஒட்டாத தாள் கிழியாமல் பிரியும். இன்னொரு பிறந்தநாளுக்கும் ஆகும்.

தாள் நீளம் போதாமல் போனால் பதற வேண்டாம். பெட்டியை மூலைவாட்டில் திருப்பி வைத்துப் பாருங்கள். 20 செ.மீ. சதுரமும் 5 செ.மீ. உயரமும் கொண்ட ஸ்வீட் பெட்டியை நேராகக் கட்ட, ஒரு பக்கம் 50 செ.மீ.க்குக் குறையாத தாள் வேண்டும். அதே பெட்டியை, ஒரு சதுரத் தாளின் நடுவில், பெட்டியின் மூலைகள் தாளின் ஓரங்களைப் பார்க்கும்படி வைத்தால், 36 செ.மீ. சதுரமே அதை முழுதாக மூடிவிடும். தாளின் நான்கு மூலைகளும் பெட்டியின் நடுமையத்தில் வந்து சந்திக்கும். கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும் என்று 38 ஆக வெட்டிக்கொள்ளுங்கள். நான்கு மூலையும் சேருமிடத்தில் ஒரு பொட்டுப் பசை, அதன்மேல் ஒரு காய்ந்த பூவோ பட்டனோ வைத்தால் வேலை முடிந்தது.

பசை என்றால் வீட்டுப் பசையே நல்லது. இரண்டு ஸ்பூன் மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே காய்ச்சினால் கண்ணாடி போல வரும்போது இறக்கிவிடலாம். சுவரொட்டிக்குக் காய்ச்சுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். குழந்தைகள் தொடும் பொட்டலத்துக்கு வேண்டவே வேண்டாம். அவசரத்துக்கு நாலு பருக்கைச் சோறும் தாளை ஒட்டும்.

தாள் கொஞ்சம் மிஞ்சினால், கட்டுவதற்கு முன் நடுவில் புடவைக்கு வைப்பதுபோல மூன்று கொசுவம் வைத்து, உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு மடிப்பும் ஒரு விரல் அகலம் போதும். கட்டி முடித்ததும் பெட்டியின் குறுக்கே மூன்று மடிப்பு ஓடும். அந்த மடிப்புக்குள் ஒரு வேப்பங்கொத்தையோ வாழ்த்துச் சீட்டையோ செருகலாம். வேறு அலங்காரம் எதுவும் அதற்குத் தேவைப்பட்டதில்லை.

முற்றல் வெண்டைக்காய்

வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்ப்போம். ஒடியாமல் வளைவதைக் கூடையிலேயே திருப்பிப் போடுவோம். தாளில் பூ அச்சடிக்க அந்த முற்றலைத்தான் இப்போது தேடி எடுக்க வேண்டும். இளங்காயில் சதை தொய்ந்துவிடும். முற்றலில் சுவர் விறைப்பாக நிற்கும். காம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிக் குறுக்கே ஒரே வெட்டாக வெட்டுங்கள். அறுத்து அறுத்து வெட்டினால் முகம் மேடுபள்ளமாகிவிடும். வெட்டிய முகத்தைப் பழைய துணியில் ஒற்றி, கொழகொழப்பு போகக் கால் மணி நேரம் காயவிடுங்கள். இதைத் தவிர்த்தால் வண்ணம் வழுக்கிக்கொண்டு போகும்.

ஒரு தட்டில் நான்காக மடித்த ஈரத்துணியை வைத்து, அதில் போஸ்டர் கலரைக் கெட்டியாகத் தடவுங்கள். காயைத் துணியில் தொட்டுத் தாளில் வைத்து, திருகாமல், நேராக எடுங்கள். ஐந்து இதழ்ப் பூ. சில காயில் ஆறோ ஏழோ விழும். ஒவ்வொரு அறைக்குள்ளும் விதை இருந்த இடம் வண்ணம் படாத புள்ளியாக நிற்கும். பழுப்புத் தாளில் வெள்ளை வண்ணமும் செங்கல் சிவப்பும் எடுப்பாக இருக்கும். மஞ்சள் அடங்கிப்போகும். ஒரு தாள் முழுக்க ஏழு வயதுப் பிள்ளை கால் மணி நேரத்தில் அச்சடித்துவிடுவாள். வரிசை கோணலாக இருந்தால் திருத்தாதீர்கள். பாட்டிக்குக் கொடுக்கும் பரிசில் பேத்தியின் கோணல் வரிசை இருப்பதுதான் அழகு.

வாழை இலையின் நடுத்தண்டைக் குறுக்கே வெட்டினால் காற்றறைகள் நிறைந்த பிறைநிலா கிடைக்கும். வெங்காயம் வளையங்கள் தரும். உருளைக்கிழங்கை எந்த வடிவத்துக்கும் செதுக்கலாம்; ஆனால் எழுத்து செதுக்கும்போது இடவலம் மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

அச்சு என்றால் தாளைக் கட்டுவதற்கு முன்பே போட வேண்டும். கோலம் என்றால் கட்டிய பிறகு. பிரவுன் ஷீட்டால் கட்டிய பெட்டி மண்தரை நிறத்தில், விறைப்பான தளமாக இருக்கும். மெல்லிய தூரிகையை வெள்ளை போஸ்டர் கலரில் தொட்டு, ஐந்து புள்ளி, நடுவில் சிக்குக் கோலம் ஒன்று போடுங்கள். பரிசு வாங்குகிற அம்மாவோ அத்தையோ பெட்டியைத் திறப்பதற்கு முன் இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் ஓட்டிப் பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நாளிதழும் காலண்டரும்

நாளிதழின் இரட்டைத் தாளை விரித்தால் மேலே சொன்ன செருப்புப் பெட்டியைத் தாராளமாகக் கட்டலாம். கறுப்பு வெள்ளை எழுத்து நிறைந்த பக்கத்தின் மேல் சிவப்பு நாடா ஒன்று போதும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு எச்சரிக்கை. மை கையில் ஒட்டும், ஆகவே துணிமணி பரிசென்றால் உள்ளே ஒரு வெள்ளைத் தாள் சுற்றிவிடுங்கள். இரண்டாவது, பக்கத்தின் இரு புறத்தையும் முழுதாகப் பாருங்கள். ஒரு முறை முதல் பிறந்தநாள் விழாவுக்கு அவசரமாகக் கட்டிக்கொண்டு போனேன். குழந்தையின் தாத்தா கையில் வாங்கிய பிறகுதான், மேல்பக்கத்து மூலையில் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் ஒன்று இருந்ததைக் கவனித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தைத் திருப்பி மேஜையில் வைத்தார். அந்தப் பெரியவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று இன்றும் நினைப்பேன். விபத்துச் செய்தி, அஞ்சலி, ஏலம் உள்ள பக்கங்களை ஒதுக்குங்கள். சிறுவர் மலர், குறுக்கெழுத்து, வரைபடம், விளையாட்டுப் பக்கம் இவற்றைச் சேர்த்து வையுங்கள்.

மாதக் காலண்டரின் தாள் தடிமன். அதன் வெள்ளைப் பின்புறம் வெளியே தெரியும்படி கட்டினால் கடைத் தாளைவிட நேர்த்தியாக இருக்கும். சாமி படம் உள்ள தாளை மட்டும் கட்டப் பயன்படுத்தாதீர்கள். பிரிப்பவர் கிழிக்கவும் தயங்குவார், கீழே போடவும் தயங்குவார்.

எனக்கு மிகவும் பிடித்தது தினசரி காலண்டர். சிவகாசியிலிருந்து வரும் அந்தத் தடித்த கட்டில், நாள்தோறும் ஒரு தாள் கிழித்துக் கசக்கிப் போடுகிறோம். யாருக்குப் பரிசு கொடுக்கப்போகிறோமோ அவருடைய பிறந்தநாள், திருமணநாள் தாளை மட்டும் கிழித்ததும் எடுத்து வையுங்கள். பெரிய தேதி எண், திதி, நட்சத்திரம், நல்லநேரம் எல்லாம் அதில் இருக்கும். ஓர் அட்டைத் துண்டில் ஒட்டி, மூலையில் ஓட்டை போட்டு, நூலில் கோத்தால் அதுவே வாழ்த்துச் சீட்டு. பின்பக்கம் உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி எழுதுங்கள். குழந்தை பிறந்த நாளின் தாளை எடுத்து வைத்திருந்து, வருஷம் திரும்பும்போது முதல் பிறந்தநாள் பரிசில் கட்டிக் கொடுத்தால், அதைப் பெற்றோர் எறியமாட்டார்கள்.

கல்யாணப் பத்திரிகைகளும் இப்படித்தான். ஆவணி, தை மாதங்களில் வீட்டில் குவியும் தடித்த அட்டைகளில் பிள்ளையார் படத்தையும் பெயர்களையும் நீக்கிவிட்டு, வெறும் இடத்தை வெட்டிச் சீட்டுகளாக்கலாம். உறையைப் பசைவாய்களில் மெதுவாகப் பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி மடித்து ஒட்டினால் மொய்க் கவர் தயார்.

ஜாக்கெட் பிட்

எந்த வீட்டு பீரோவிலும் தைக்காத ஜாக்கெட் பிட் பத்தாவது இருக்கும். தாம்பூலத்தில் வந்தது, நாமும் அடுத்த தாம்பூலத்தில் வைத்துக் கொடுப்போம். அது பரிசைக் கட்டுவதற்கென்றே அளந்து வெட்டியதுபோல இருக்கிறது என்பது எனக்குப் பிடிபடப் பல வருஷம் ஆனது. 80 செ.மீ. அல்லது ஒரு மீட்டர் நீளம், ஏறக்குறைய சதுரம்.

சதுரத் துணியில் பொருளைக் கட்டித் தூக்கிப்போவது நமக்குப் புதிதில்லை. துண்டில் கட்டிய கட்டுச்சோற்று மூட்டை நம் தாத்தாக்களின் தோளில் தொங்கியது. இதை ஒரு முறையான கலையாக வளர்த்தெடுத்தவர்கள் ஜப்பானியர். அங்கே இந்தத் துணிக்கு ஃபுரோஷிகி என்று பெயர். ஃபுரோ என்றால் குளியல், ஷிகி என்றால் விரிப்பு. பொதுக் குளியலறைக்குப் போகிறவர்கள் தரையில் விரித்து அதன்மேல் நின்று உடை மாற்றி, கழற்றிய உடையை அதிலேயே மூட்டையாகக் கட்டியதால் வந்த பெயர். பிளாஸ்டிக் பைகள் வந்ததும் அங்கேயும் வழக்கம் தேய்ந்தது. 2006இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சர் யூரிகோ கொய்கே, பழைய பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து எடுத்த இழையில் நெய்த ஃபுரோஷிகியை அறிமுகப்படுத்தி அந்தப் பழக்கத்துக்கு மீண்டும் உயிர்கொடுக்க முயன்றார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. கல்யாண வீட்டுத் தாம்பூலத்தோடு வரும் மஞ்சப்பையும் நல்ல பரிசு உறைதான். வாயைக் கொசுவி, சணலால் ஒரு சுற்று சுற்றிவிட்டால் போதும்.

துணிக் கட்டுக்கு வருவோம். துணியின் மூலைக்கு மூலை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள பொருள் அழகாக அடங்கும். 80 செ.மீ. சதுரத்தின் மூலைவாட்டு நீளம் 113 செ.மீ. ஆகவே 37 செ.மீ. வரையுள்ள பொருள்கள்: டிபன் கேரியரைப் படுக்க வைத்துக் கட்டலாம், புத்தக அடுக்கைக் கட்டலாம், ஸ்வீட் பெட்டியைக் கட்டலாம். 40 செ.மீ. கைக்குட்டையில் ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ் பெட்டி அடங்கும்.

துணியை உள்பக்கம் மேலே தெரியும்படி, மூலை உங்களைப் பார்க்கும்படி விரித்து, நடுவில் பொருளை வையுங்கள். உங்கள் பக்கத்து மூலையைப் பொருளின் மேல் போட்டு, நுனியை அடியில் செருகுங்கள். எதிர்ப்பக்கத்து மூலையைக் கொண்டுவந்து மேலே விரித்துவிடுங்கள். இப்போது இடத்திலும் வலத்திலும் இரண்டு மூலைகள் மீதி. இரண்டையும் சுருக்கம் இல்லாமல் சேர்த்துப் பிடித்து நடுவில் முடிச்சிட வேண்டும்.

முடிச்சில்தான் எல்லாம் இருக்கிறது. பலரும் போடும் முடிச்சு வழியிலேயே தளர்ந்துவிடுவதற்குக் காரணம், இரண்டாவது சுற்றில் நுனி மாறிப்போவது. முதல் சுற்றில் எந்த நுனி மேலே போனதோ, அதே நுனிதான் இரண்டாவது சுற்றிலும் மேலே போக வேண்டும். பழகும்வரை அந்த நுனியில் ஒரு ஊக்கைக் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். சரியாகப் போட்டிருந்தால் முடிச்சின் இரு காதும் இடமும் வலமுமாக, முயல் காது சாய்ந்ததுபோலப் படுத்திருக்கும். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் விறைத்து நின்றால் அவிழ்த்து மறுபடி போடுங்கள். அப்படியே விட்டால் பேருந்தில் ஏறுவதற்குள் தளரும்.

அவிழ்ப்பதும் சுலபம். ஒரு காதையும், அதே பக்கத்தில் முடிச்சுக்கு வெளியே இருக்கும் துணியையும் பிடித்து, எதிரெதிராக இழுங்கள். அந்த நுனி நேராக நிமிர்ந்துவிடும். மற்றது அதன்மேல் வளையமாகச் சுற்றி நிற்கும், உருவினால் வந்துவிடும். எவ்வளவு கனத்தைத் தூக்கினாலும் இறுகிச் சிக்கிக்கொள்ளாது. பல்லைக் கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை.

மதுரைச் சுங்குடி, சின்னாளப்பட்டிச் சுங்குடி புடவைகள் பழசானால் முந்தானையும் ஓரமும் மட்டும் கிழியாமல் இருக்கும். நல்ல இடமாகப் பார்த்து ஒரு சதுரம் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தால், புள்ளிகள் நிறைந்த ஃபுரோஷிகி கிடைத்துவிடும். தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன பருத்தியைப்போல முடிச்சுக்கு வாகான துணி வேறில்லை. பாலியஸ்டர் வழுக்கும். பட்டு கனமான பொருளுக்கு வேண்டாம். பாட்டியின் பழைய புடவைத் துண்டில் பேத்தியின் வளைகாப்பு வளையல்களைக் கட்டிக் கொடுத்த வீடு ஒன்று எனக்குத் தெரியும். வளையல்களைவிட அந்தத் துணியைத்தான் அந்தப் பெண் முகத்தில் ஒற்றிக்கொண்டாள்.

இலை, ஓலை, நார்

தின்பண்டத்தைப் பரிசாகக் கொடுக்கிறவர்கள் நாளிதழை மறந்துவிட வேண்டும். அச்சு மையில் உடலுக்கு ஆகாத பொருள்கள் உண்டு. எண்ணெயும் சூடும் பட்டால் உணவில் இறங்கும். நாளிதழில் உணவைப் பொதியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இலும் 2023இலும் அறிவுறுத்தியது. முறுக்கு, அதிரசத்துக்கு பட்டர் பேப்பரோ வாழை இலையோ உள்ளே இருக்கட்டும்.

வாழை இலையை அப்படியே மடித்தால் நரம்போடு கிழியும். நடுத்தண்டை நீக்கி, அடுப்புத் தணலுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் மெல்ல ஓட்டுங்கள். இலை ஓர் இழுப்பில் கரும்பச்சையாகி மினுமினுக்கும். அந்த நிறம் மாறியதும் எடுத்துவிட வேண்டும். அப்போது துணிபோல வளையும். வாட்டிய இலை அன்றைக்கும் மறுநாள் காலைக்கும் தாங்கும். ஆகவே கொடுக்கும் நாளில்தான் கட்ட வேண்டும். கட்டுவதற்கு வாழைநாரைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுவையுங்கள். பூக்காரம்மாவின் பக்கத்தில் ஈரச்சாக்கில் நார் கிடப்பது இதற்காகத்தான். காய்ந்த நார் முறியும், ஈரநார் முடிச்சோடு காய்ந்து இறுகும்.

கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் ஓலைக்குச் செய்யுங்கள். செட்டிநாட்டுப் பெண்கள் பனையோலையில் முடையும் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டிலும் ஓலைப் பெட்டிகள் முடைகிறார்கள். ஓலைப் பெட்டி உறையாகப் போய், வாங்கியவர் வீட்டில் வெற்றிலைப் பெட்டியாகவோ ஊசிநூல் பெட்டியாகவோ வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். பளபளப்புத் தாளுக்கும் கட்டுக்கூலிக்கும் கொடுக்கும் காசில் பாதி தூரம் இதற்கு வந்துவிடலாம்.

உருண்டையும் கோணலும்

பந்து, பொம்மை, பித்தளைச் சொம்பு போன்றவற்றைத் தாளில் கட்டிப் போராட வேண்டாம். துணியில் வைத்து நான்கு மூலையையும் எதிரெதிராக முடிந்துவிடுங்கள். தேன் பாட்டிலை மூலைவாட்டு விரித்த துணியின் நடுவில் நிறுத்தி, இரு மூலைகளைத் தலைக்குமேல் முடிந்து, மற்ற இரண்டைக் கழுத்தில் சுற்றி முன்னால் முடிந்தால் தூக்கிப்போகக் கைப்பிடியும் கிடைக்கும். செடி கொடுக்கிறீர்களானால் தொட்டியின் அடியில் வாட்டிய இலையும், அதற்கு மேல் சாக்குத்துணியும் போதும். செடியை மூடக் கூடாது. கண்ணாடி வளையலுக்கு என் மாமாவின் கூம்புப் பொட்டலத்தை மிஞ்ச எதுவும் இல்லை. உள்ளே ஒரு கை வைக்கோலோ கிழித்த தாளோ போட்டு, வாயை இரண்டு மடிப்பு மடித்து, நூலால் கட்டுங்கள்.

நூல்கட்டில் கடைசி முடிச்சை எப்போதும் உருவு முடிச்சாகப் போடுங்கள். ஒரு நுனியை இழுத்தால் முழுதும் அவிழ வேண்டும். அந்த நுனி பொட்டலத்தின் மேல்பக்கம் தெரியட்டும். வயதானவர்களுக்குக் கொடுப்பதானால் நுனியில் ஒரு மணியோ பட்டனோ கோத்துவிடுங்கள், விரலுக்குப் பிடி கிடைக்கும். திருமணப் பரிசுக்கு முழுக் கறுப்பு வேண்டாம். கொடுக்கிறவருக்கு அதில் தடை இல்லாவிட்டாலும் மேடையில் நிற்கும் பெரியவர்கள் மனதில் உறுத்தும்.

கல்யாண மண்டபத்தில் பரிசு மேடையில் கைமாறி, பின்னால் நிற்கும் யாரோ ஒரு தம்பியிடம் போய், பெரிய பையில் விழும். நூறு பொட்டலங்கள் ஒன்றோடொன்று உரசி வீடு வந்து சேரும்போது, மேலே கட்டிய சீட்டுகளில் பல அறுந்திருக்கும். இரவு சாப்பாட்டுக்குப் பின் பாயை விரித்து, அக்காவும் தம்பியும் ஒவ்வொன்றாகப் பிரிக்க, ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். அங்கே “இது யார் கொடுத்தது?” என்ற கேள்வி வரக் கூடாது. ஆகவே பெயரும் ஊரும் எழுதிய சீட்டு வெளியே ஒன்று, மடிப்புக்கு உள்ளே, பரிசின் மேலேயே வைத்தது இன்னொன்று. பென்சிலால் எழுதுங்கள், வாழையிலை ஈரம் பட்டாலும் அழியாது.